தூக்கமின்மைக்கு எதைத் தேர்வது: மாத்திரையா, மெலடோனினா, நடத்தைச் சிகிச்சையா?

வாரத்தில் குறைந்தது மூன்று இரவுகள், மூன்று மாதங்களாக, படுப்பதற்கு நேரமும் வசதியும் இருந்தும் தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ போய், அதனால் பகல் பொழுதும் கெடுகிறது என்றால், அதை மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். சென்னையில் இந்த நிலைக்கு வந்த ஒருவருக்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன: தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கும் அலர்ஜி மாத்திரை, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அல்பிரசோலம் அல்லது சோல்பிடெம், இணையத்தில் விற்கும் மெலடோனின், பாட்டி சொல்லும் சாதிக்காய்ப் பால், சிலருக்கு இரவு மது, வெகு சிலருக்கே தெரிந்த நடத்தைச் சிகிச்சை. இவற்றுள் எது நல்லது என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் எது சீக்கிரம் தூங்க வைக்கும் என்பதை மட்டுமே கேட்கிறார்கள். அந்த ஒரே அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுத்தால் மிக மோசமான வழிகளே முதலிடம் பிடிக்கும். ஆகவே நான் வேறு மூன்று கேள்விகளை வைத்து இவற்றை எடைபோடுகிறேன்: அது தரும் தூக்கம் எப்படிப்பட்டது, மறுநாள் காலையில் அது என்ன செய்கிறது, நிறுத்த நினைக்கும் நாளில் அது நம்மை விடுமா.

முதல் கேள்விக்கு விடை காண, தூக்கம் ஒரே சீரான நிலை அல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இரவு 11 மணிக்குத் தூங்கி 6 மணிக்கு எழும் ஒருவரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தால், முதலில் சில நிமிடங்கள் மட்டுமே நீடிக்கும் மேலோட்டமான முதல் நிலையும், பிறகு இரவின் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்ளும் இரண்டாம் நிலையும், அதன்பின் பெரிய, மெதுவான அலைகள் கொண்ட மூன்றாம் நிலையும் தெரியும். இந்த மூன்றாம் நிலையே ஆழ்ந்த தூக்கம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும், எழுப்பினால் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழிப்பதும் இதில்தான். இதற்கு அடுத்து, கண்மணிகள் வேகமாக அசைய, உடல் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிட, கனவுகள் செறிவாக வரும் ரெம் நிலை வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் இதை வெளியிட்டார்கள். சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இவை இரவு முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் பங்கீடு சமமாக இல்லை: ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது, ரெம் தூக்கமோ விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அதனால்தான் அதிகாலை நான்கு மணிக்கு விழிப்புத் தட்டுகிறவர் இழப்பது பெரும்பாலும் ரெம் தூக்கம். நள்ளிரவு தாண்டிப் படுத்துவிட்டுத் தொடக்கத்திலேயே அடிக்கடி விழிப்பவர் இழப்பது ஆழ்ந்த தூக்கம். ஒரு மருந்து இவற்றுள் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்பது எத்தனை மணி நேரம் தூங்க வைக்கிறது என்பதைப் போலவே முக்கியமானது.

ஒப்பீட்டில் இறங்குவதற்கு முன்பு ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும், அது உண்மையிலேயே தூக்கமின்மைதானா என்பது. பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி, பகலில் பேருந்திலும் அலுவலகக் கூட்டத்திலும் கண் சொக்குவது ஆகியவை இருந்தால், அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரவு முழுவதும் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் கால்களிலும் மின்முனைகளை ஒட்டி, மார்பில் பட்டை கட்டி, விரலில் ஆக்சிஜன் அளவியை மாட்டிச் செய்யும் தூக்கப் பரிசோதனையில், மணிக்கு ஐந்து முறைக்கு மேல் மூச்சு தடைபட்டால் நோய் உண்டு என்றும், முப்பதுக்கு மேல் போனால் தீவிரம் என்றும் கணக்கிடுகிறார்கள். இதற்குரிய சிகிச்சை மாத்திரை அல்ல. 1981-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, மூக்கின் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவிதான் முதன்மையான வழி. இந்த நோயாளி தூக்க மாத்திரை சாப்பிட்டால், தொண்டைத் தசைகள் மேலும் தளர்ந்தும், மூச்சுத் திணறலால் விழித்துக்கொள்ளும் இயல்பான பாதுகாப்பு மங்கியும், நிலைமை இன்னும் கெடலாம். படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாதபடி ஒரு குறுகுறுப்பு ஏற்படுகிறது என்றால், அங்கும் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு. இந்த இரண்டையும் கேட்டறியாமல் எழுதப்படும் தூக்க மாத்திரைச் சீட்டை நான் அரைகுறையான சீட்டு என்றே கருதுவேன்.

மதுவை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். அது சீக்கிரம் தூங்க வைக்கிறது என்பதும், இரவின் முற்பாதியில் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டுகிறது என்பதும் உண்மைதான்; அந்த உண்மையே பலரை ஏமாற்றுகிறது. உடல் மதுவைச் சிதைத்து முடிக்கும் பிற்பாதியில், ஒடுக்கப்பட்டிருந்த ரெம் தூக்கம் கொந்தளித்துத் திரும்ப, தூக்கம் துண்டு துண்டாகிறது; வியர்வை, தாகம், சிறுநீர் என்று விழிப்புகள் அடுக்கிக்கொண்டு வருகின்றன. குறட்டை கூடுகிறது. சில வாரங்களில் அதே தூக்கத்துக்கு அதிக அளவு தேவைப்படுகிறது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு.

அலர்ஜிக்கும் சளிக்கும் தரும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளை, தூக்கம் வருகிறதே என்று இரவில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். மூளையில் விழிப்பைக் காக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பதால் அசதி வருகிறது. ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் சில நாள்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடுகிறது. முதியவர்களுக்கு வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றைத் தரும் என்பதால் அவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இவை இடம்பெற்றிருக்கின்றன. பாட்டி உரசிப் பாலில் கலக்கும் சாதிக்காய் ஒரு சிட்டிகையோடு நின்றால் தீங்கில்லை. ஆனால் பலன் கூடட்டும் என்று அளவை ஏற்றுவது மிகவும் தவறு. ஒரு முழுக் காயின் அளவுக்குப் பொடியை விழுங்கினால் படபடப்பும், பலமணி நேரம் நீடிக்கும் மனப்பிரமையும் வரும். குழந்தைகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுவதே நல்லது.

இனி, பெரும்பாலோர் உண்மையில் தயங்கி நிற்கும் இடத்துக்கு வருவோம். அல்பிரசோலம், குளோனசெபாம், நைட்ரசெபாம், டயசெபாம் ஆகிய பென்சோடயசெபைன் வகை மருந்துகள், மூளையில் காபா என்னும் அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையை வலுப்படுத்துகின்றன. 1960-இல் குளோர்டயசெப்பாக்சைடும் 1963-இல் டயசெபாமும் விற்பனைக்கு வந்தபோது, அதுவரை புழக்கத்தில் இருந்து, அளவு சற்று மீறினாலே உயிரைப் பறித்த பார்பிட்யூரேட்டுகளை விட இவை எவ்வளவோ பாதுகாப்பானவையாக இருந்தன. அந்த நற்பெயர் இன்னும் இவற்றை விட்டுப் போகவில்லை. இவை தூக்கத்தை விரைவாக வரவழைக்கின்றன, நடுவிழிப்பைக் குறைக்கின்றன. ஆனால் மின்னலைப் பதிவில் பார்த்தால், கூடியிருப்பது பெரும்பாலும் இரண்டாம் நிலை. ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கிறது, ரெம் தூக்கமும் ஓரளவு சுருங்கியிருக்கிறது. நோயாளி எட்டு மணி நேரம் தூங்கினேன் என்கிறார், அது பொய்யல்ல. என்றாலும் அந்த எட்டு மணி நேரம் இயல்பான எட்டு மணி நேரத்தின் கட்டமைப்பைக் கொண்டதல்ல.

இரண்டாவது கேள்வியில் இந்த மருந்துகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய, பென்சோடயசெபைன் அல்லாவிட்டாலும் அதே காபாவின் வழியே வேலை செய்யும் சோல்பிடெமுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும், அல்பிரசோலத்துக்குச் சுமார் 11 மணி நேரமும், குளோனசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரமும் ஆகிறது. இரவு 10 மணிக்குப் போட்ட குளோனசெபாம் மறுநாள் காலையிலும் உடலில் பெருமளவு இருக்கும். அடுத்த இரவு மாத்திரை அதன் மேல் போய்ச் சேரும். அந்த நிலையில்தான் ஒருவர் காலையில் இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனப் பேருந்துகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் இடையே போகிறார். விரைவில் வெளியேறும் சோல்பிடெம் இதற்கு மேல் என்று தோன்றும். ஆழ்ந்த தூக்கத்தையும் அது அதிகம் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் அதற்கென்று தனி ஆபத்து உண்டு: தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது, காலையில் எதுவும் நினைவில் இல்லாமல் போவது. மறுநாள் காலையிலும் மருந்து உடலில் தங்கி வண்டி ஓட்டும் திறனைக் கெடுக்கலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-ஆகக் குறைத்தது; தூக்கத்தில் நிகழும் இந்தச் செயல்களுக்காகவே 2019-இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது.

மூன்றாவது கேள்வியில்தான் இவை தோற்கின்றன. மயிலாப்பூரில் வசிக்கும் என் பெரியம்மாவின் மருந்து டப்பாவில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு சீட்டு இருந்தது. மடிப்பில் கிழிந்து, மை மங்கி, மருந்தின் பெயரும் ‘இரவு ஒன்று’ என்பதும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. எழுதிக்கொடுத்த மருத்துவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். பெரியப்பா இறந்த துக்கத்தில் சில வாரங்களுக்கு என்று தொடங்கிய மாத்திரை, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. நடுவில் ஒருமுறை தானாகவே நிறுத்திப் பார்த்து, தொடக்கத்தில் இருந்ததை விடக் கடுமையான தூக்கமின்மையும் நடுக்கமும் வந்ததும், ‘இது இல்லாமல் எனக்கு ஆகாது’ என்று அவர் முடிவு செய்துவிட்டார். உண்மையில் அவர் கண்டது நோயின் மறுவரவு அல்ல. மருந்தைத் திடீரென்று விட்டதன் எதிர்வினை. இந்தப் பொறி இப்படித்தான் வேலை செய்கிறது, விடமுடியாமையையே மருந்தின் தேவைக்குச் சான்றாகக் காட்டுகிறது. ஒருநாள் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகே மாத்திரையைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசினோம். முதியவர்களின் விழுகைக்கும் எலும்பு முறிவுக்கும் இந்த மருந்துகளோடு உள்ள தொடர்பு மருத்துவ உலகம் நன்கறிந்தது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. அல்பிரசோலம், நைட்ரசெபாம், சோல்பிடெம் உள்ளிட்டவை மருந்து விற்பனை விதிகளில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் ‘எச்1’ அட்டவணையில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர், எழுதிய மருத்துவர் ஆகியோரின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டினால் போதும் என்று நடந்துகொள்ளும் கடைகள் நமக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்த வகை மருந்துகளுக்கு ஓர் இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை: மரணம், அறுவை சிகிச்சை போன்ற திடீர் நெருக்கடியில், குறைந்த அளவில், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள், நிறுத்தும் தேதியைத் தொடங்கும் நாளிலேயே பேசி வைத்துக்கொண்டு.

மெலடோனினைப் பற்றி நிலவும் எதிர்பார்ப்பு அதன் திறனை விடப் பெரியது. அது மயக்க மருந்து அல்ல. இருட்டிவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும், கூம்புச் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். தூக்கம் வரும் நேரத்தை அது சராசரியாகச் சில நிமிடங்களே முன்னே கொண்டுவருகிறது. தூக்க நிலைகளைக் குலைப்பதில்லை, விடுவதும் கடினமில்லை. ஆகவே மூன்று கேள்விகளில் இரண்டில் நல்ல மதிப்பெண் பெற்றாலும், சாதாரணத் தூக்கமின்மைக்கு அது பலவீனமான மருந்துதான். உடலின் கடிகாரமே இடம் மாறியவர்களுக்கு மட்டும் அது உண்மையாகப் பயன்படுகிறது: அமெரிக்காவிலிருந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியவர், விடியற்காலை மூன்று மணிக்கு முன் தூக்கமே வராத இளைஞர், இரவுப் பணி முடித்துக் காலையில் தூங்க வேண்டியவர். இவர்களுக்கும் எத்தனை மில்லிகிராம் என்பதை விட எந்த நேரத்தில் என்பதே முக்கியம்.

மனச்சோர்வுக்குரிய அமிட்ரிப்டிலின், மிர்டசபைன் போன்றவற்றைக் குறைந்த அளவில் தூக்கத்துக்குத் தருவதும் உண்டு. கூடவே மனச்சோர்வோ நாள்பட்ட வலியோ இருப்பவருக்கு அது பொருத்தமான தேர்வு; வெறும் தூக்கமின்மைக்கு அல்ல. விழிப்பைத் தாங்கும் ஒரெக்சின் என்னும் மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் புதிய வகை மருந்துகளில் முதலாவதான சுவோரெக்சண்டுக்கு அமெரிக்கா 2014-இல் ஒப்புதல் அளித்தது. தூக்கத்தின் கட்டமைப்பை அதிகம் குலைக்காதவை என்ற வகையில் அவை நம்பிக்கை தருகின்றன.

எஞ்சியிருப்பது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மருத்துவர்களின் தொழில் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள வயது வந்தோர் அனைவருக்கும் முதல் சிகிச்சையாக மருந்தை அல்ல, இதையே பரிந்துரைத்தது. பொதுவாக நான்கு முதல் எட்டு அமர்வுகள். பலரும் இதை, இரவில் போன் பார்க்காதே, வெதுவெதுப்பான பால் குடி என்ற அறிவுரை மூட்டை என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த அறிவுரைகள் மட்டும் தனியாக யாரையும் குணப்படுத்துவதில்லை என்பது உண்மையே. இந்தச் சிகிச்சையின் வலு வேறிடத்தில் இருக்கிறது.

தாம்பரத்தில் இருக்கும் ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு எழுதிப் பார்த்ததில், எட்டு மணி நேரப் படுக்கையில் அவர் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். அதாவது 69 சதவீதம். மீதி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு எப்படி வேலை பார்ப்பது என்று கவலைப்பட்டுக் கழிந்தது. சிகிச்சையாளர் அவரைச் சீக்கிரம் படுக்கச் சொல்வதில்லை. நேர்மாறாக, நள்ளிரவு 12.30-க்கு முன் படுக்கவே கூடாது, காலை 6 மணிக்கு எப்படியும் எழுந்துவிட வேண்டும், பகலில் தூங்கக் கூடாது என்கிறார். படுத்தும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து கூடத்துக்குப் போய் மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும். கண் சொருகும்போதுதான் திரும்ப வேண்டும். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தின் உந்துதல் வலுக்கிறது. படுக்கை என்றாலே விழிப்பு என்று மனம் கற்றுக்கொண்ட பாடம் மெல்ல அழிகிறது. படுக்கை நேரத்தில் 85 அல்லது 90 சதவீதம் தூங்கத் தொடங்கியதும், வாரத்துக்கு 15 நிமிடம் வீதம் படுக்கும் நேரத்தை முன்னே நகர்த்துகிறார்கள். மாலை ஐந்து மணி டிகிரி காபியும் இங்கேதான் கணக்குக்கு வருகிறது: அடினோசின் வேலை செய்யும் இடத்தைக் காஃபின் அடைத்துக்கொள்கிறது, அதில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது, எனவே பகல் சாப்பாட்டோடு காபியை முடித்துக்கொள்ள வேண்டும்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தச் சிகிச்சை தூங்க எடுக்கும் நேரத்தைச் சராசரியாக 19 நிமிடமும், நடுவிழிப்பை 26 நிமிடமும் குறைக்கிறது. மாத்திரையின் முதல் வாரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் அதன் பலன் நின்றுவிடுகிறது, இந்தப் பலன் அமர்வுகள் முடிந்து பல மாதங்கள் கழித்தும் நிற்கிறது. குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரங்கள் நிலைமை மோசமாகும், பகலில் கண் எரியும், எரிச்சல் வரும். வாகனம் ஓட்டுவதே தொழிலாக உள்ளவர்கள், வலிப்பு நோய் அல்லது இருதுருவ மனநோய் உள்ளவர்கள் படுக்கை நேரத்தைக் குறைக்கும் பகுதியை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில்லாமல் செய்யக் கூடாது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், நள்ளிரவில் எழுந்து உட்காரத் தனி இடம் எங்கே என்பதும் நியாயமான கேள்வி. வெளிச்சம் போடாமல் வாசற்படியிலோ மொட்டை மாடியிலோ உட்காரலாம் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்த விடை. மே மாதப் புழுக்கத்தில், உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் வரும் என்பதால், படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு குளிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் பயிற்சி பெற்றவர்கள் மாத்திரை எழுதுபவர்களை விட மிகக் குறைவு. தேடத் தொடங்க வேண்டிய இடம் மருத்துவ உளவியலாளர் இருக்கும் மனநலப் பிரிவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், 1794-இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சொன்னாலே கேலிக்கும் கூச்சத்துக்கும் அஞ்சித் தயங்குபவர்கள், 2022-இல் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசி வழிகாட்டுதல் பெறலாம்.

என் தீர்ப்பு ஆளுக்கு ஏற்ப மாறுகிறது. வேறு நோயில்லாத, மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டவருக்கு நடத்தைச் சிகிச்சையே முதல் தேர்வு, கிடைக்கும் வரை காத்திருந்தாவது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு இந்த முடிவு இன்னும் உறுதியானது. துக்கத்தில் மூன்று நாள் கண் மூடாதவருக்கு, தேதி குறித்த குறுகிய கால மாத்திரையை மறுப்பது இரக்கமற்ற செயல். இரவுப் பணியாளருக்கு முதலில் வேண்டியது மருந்தல்ல: வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, கனத்த திரை போட்ட அறை, பணியின் பிற்பாதியில் காபி இல்லாமை, தேவைப்பட்டால் தூங்கப் போகும் முன் மெலடோனின். விழித்திருப்பதற்காகச் சிலர் தாமாகவே வாங்கும் மோடஃபினில் தூக்கத்தின் தேவையைக் குறைப்பதில்லை, அதன் உணர்வை மட்டுமே மறைக்கிறது. கருத்தடை மாத்திரைகளின் பலனை அது குறைக்கும் என்பதைப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. பென்சோடயசெபைனைத் திடீரென விட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில் குறைப்பதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அதோடு நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்தால் முழுமையாக விட முடிபவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. பலருக்குக் கடைசி அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரைக்கு இறங்குவதே மிகக் கடினமாக இருக்கிறது. ஆகவே அந்தக் கட்டத்தில் கூடுதல் வாரங்கள் தேவைப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் பேசி, குறைக்கும் அட்டவணையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.